உறை மோர் கேட்டுப் போன கதை

நங்கநல்லூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது. தரைத்தளம் ஜி, முதல் மாடி எஃப், இரண்டாவது எஸ், மூன்றாவது டி. நான் எஸ்2. எனக்கு மேலே ராத்திரி நாற்காலியை இழுத்து இழுத்துப் போடுகிறவர் டி2. என் காருக்குக் குறுக்கே ஸ்கூட்டரை நிறுத்துகிறவர் ஜி2. லிஃப்டில் யாராவது ஏறிவிட்டால் எல்லோரும் உடனே போனை எடுத்து, மிக முக்கியமான செய்தி வந்ததுபோல் குனிந்துகொள்வோம். அந்த லிஃப்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

என் மனைவி இதில் சேர்த்தி இல்லை. டி1 வீட்டுப் பெண்ணுக்கு எந்த மாதம் வளைகாப்பு என்பது வரை அவளுக்குத் தெரியும். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வருகிற நேரத்துக்குள் இத்தனையும் எப்படித் திரட்டுகிறாள் என்று நான் கேட்டதில்லை.

போன தை மாதம் அவள் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கோவில்பட்டி போனாள். கிளம்பும்போது சொன்ன கடைசிக் கட்டளை, "தினம் ராத்திரி பாலுக்கு உறை ஊத்திடுங்க. மறுநாளைக்குன்னு ஒரு கரண்டி எடுத்து வச்சிடுங்க." அப்படி எடுத்து வைத்த கரண்டித் தயிரை என் மகன் சர்க்கரை போட்டுத் தின்றுவிட்டான்.

"கடைத் தயிர் வாங்கிக்கட்டுமா?" என்று போனில் கேட்டேன்.

"கடைத் தயிரை உறை ஊத்தினா நூல் நூலா வரும். எஃப்1 அம்மாகிட்ட போய் ஒரு ஸ்பூன் உறை மோர் வாங்கிக்கோங்க."

"அவங்களை எனக்குத் தெரியாதே?"

"அவங்களுக்கு உங்களைத் தெரியும்."

இந்தப் பதில் எனக்குக் கொஞ்சம் கலக்கத்தைக் கொடுத்தது.

மாலை ஏழு மணி இருக்கும். கிண்ணத்தோடு போய் அழைப்பு மணியை அழுத்தினேன். கதவு திறந்தது. "எஸ்2 தம்பியா? வாங்க வாங்க. காலையில குளிக்கிறப்ப பாடுறது நீங்கதானே?" என்றார் அந்த அம்மா. உறை மோர் என்றதும் முகம் மாறிவிட்டது.

"விளக்கு வச்சாச்சே தம்பி."

விளக்கு வைத்த பிறகு தயிர், உப்பு, ஊசி எதையும் வீட்டை விட்டு வெளியே கொடுக்கக் கூடாதாம், மகாலட்சுமி கூடவே போய்விடுவாளாம். சரி, காலையில் வருகிறேன் என்று திரும்பினேன்.

"எங்க போறீங்க? பாலைக் கொண்டு வாங்க. இங்கயே உறை ஊத்தித் தரேன். உங்க பாலை உங்ககிட்டயே தரேன், அதுல என்ன இருக்கு? விடியறதுக்குள்ள அது தயிரானா அது உங்க வீட்டுல ஆன தயிர்."

உயர் நீதிமன்றத்தில் வாதாட வேண்டியவர். நான் மேலே ஓடிப் போய்ப் பால் பாத்திரத்தோடு வந்தேன்.

"பச்சைப் பாக்கெட்டா, நீலமா?"

"பச்சைதாங்க."

"பிழைச்சீங்க. நீலம்னா தயிரைக் கத்தியால வெட்ட முடியாது, டம்ளர்ல ஊத்திக் குடிக்கத்தான் ஆகும்." அதில் விஷயம் இல்லாமல் இல்லை. ஆவின் பச்சையில் கொழுப்பு 4.5 சதவீதம், நீலத்தில் 3.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நாடி பார்க்கும் வைத்தியரைப் போலச் சுண்டு விரலைப் பாலில் வைத்தார். "ஆறிப்போச்சு." மறுபடி அடுப்பில் ஏற்றினார். இப்போது கொதித்துவிட்டது. இனி ஆற வேண்டும். விரல் பொறுக்கிற சூடுதான் கணக்கு. அதற்கு மேலே போனால் உறை மோரில் இருக்கிற பாக்டீரியா செத்துப்போகும், ஆறிவிட்டால் அது சோம்பிப் படுத்துக்கொள்ளும். பால் ஆறும் நேரத்தில் என் சொந்த ஊர், சம்பளம், ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட காரணம் மூன்றும் வெளியே வந்துவிட்டன. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஐயா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு பதிலுக்கும் பேப்பரைத் தாழ்த்தி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார். சம்பளத்துக்கு மட்டும் பேப்பரை மடித்தே வைத்துவிட்டார்.

ஒருவழியாக ஒரு ஸ்பூன் மோர் விட்டுக் கலக்கி, மேலே தன் வீட்டு எவர்சில்வர் தட்டை மூடிக் கொடுத்தார். "வெயில் காலம்னா நாலஞ்சு மணி நேரத்துல உறைஞ்சிடும். இப்ப குளிருது, ஹாட் பேக்குக்குள்ள வைங்க. உறையறப்ப ஆட்டிடாதீங்க."

பக்கத்து வீட்டாரோடு பழகப் புன்னகை செய்யுங்கள், வணக்கம் சொல்லுங்கள் என்றெல்லாம் யோசனை சொல்கிறார்கள். ஜி2வைப் பார்த்து நான் ஒருமுறை புன்னகை செய்திருக்கிறேன். அவர் திரும்பி, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். அதைவிடக் கையில் மூடிய பாத்திரம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் நம் ஆட்கள் யாரும் வீடு போய்ச் சேர மாட்டார்கள்.

லிஃப்டில் டி2 இருந்தார். போனை எடுக்கவில்லை. "என்ன சார் பாத்திரம்?" சொன்னேன். "இதுக்கா இவ்வளவு தூரம்? நாலு மிளகாய்க் காம்பைப் போட்டா பால் தன்னால உறையும்" என்றார். இரண்டாவது மாடியில் நான் இறங்கியும் அவர் கதவில் காலை வைத்துக்கொண்டு மிளகாய்க் காம்பின் மகிமையைச் சொல்லிக்கொண்டே போனார். லிஃப்ட் கீச்சுக் கீச்சென்று கத்தியது. சத்தம் கேட்டு எஸ்3 பையன் காதிலிருந்து இயர்போனைக் கழற்றியபடி வெளியே வந்தான். மதுரைப் பையன், இங்கே ஐடி வேலை. "அண்ணா, வீட்டுத் தயிரா?" என்று அவன் கேட்ட தொனியில் எனக்கே கண் கலங்கியது. கீழேயிருந்து ஜி2, "லிஃப்ட் வருமா வராதாய்யா?" என்று கத்தினார். பதில் வராததால் சண்டை போடுவதற்கென்றே படியேறி வந்தவர், விஷயத்தைக் கேட்டதும், மிளகாய்க் காம்பில் உறைந்தது முதல் தடவை நன்றாக வராது, அதை எடுத்து மறுபடி உறை ஊற்றினால்தான் தயிர் என்று டி2வைத் திருத்தினார். எனக்கும் பாலை வைத்துக்கொண்டு நகர மனசில்லை. உள்ளே என் மகன், அப்பா திரும்பி வருவாரா என்று அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறான்.

தயிர் கெட்டியாகவே உறைந்தது. சிக்கல் தட்டில் வந்தது. அதன் விளிம்பில் "ஆர்.கே. 12.2.79" என்று பெயர் வெட்டியிருந்தது. கல்யாணச் சீர். திருப்பிக் கொடுக்கக் கிளம்பும்போது கோவில்பட்டியிலிருந்து போன்.

"வெறுந்தட்டையா கொடுக்கப் போறீங்க? ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுங்க."

வீட்டில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இருந்தது. 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, சர்க்கரையைவிட மரியாதை என்று தட்டு நிறைய அடுக்கிக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்குப் பல் செட். ஐயா மட்டும் இரண்டை எடுத்துக்கொண்டார், மிச்சம் டி2வுக்குப் போனது. டி2வுக்குச் சொந்த ஊர் சாத்தூர். கடலை மிட்டாயைப் பார்த்ததும் ஊர்க்காரன் கிடைத்தான் என்று ஒரு டப்பா காராச்சேவோடு இறங்கி வந்தார். எஃப்1 அம்மா ஒரு தூக்கில் மோர்க்குழம்பு அனுப்பினார். எஸ்3 பையன் டம்ளரோடு வந்து உறை வாங்கிப் போனான், மறுநாள் டம்ளரில் நாலு சாக்லேட் வந்தது. எந்தப் பாத்திரத்தையும் காலியாகத் திருப்ப முடியாது என்பதால் எதுவும் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. டப்பாவில் வாழைப்பழம் போனால் கிண்ணத்தில் சுண்டல் வந்தது. ஆப்பில் வாங்கியிருந்தால் பத்து நிமிடத்தில் கப் தயிர் வந்திருக்கும், கொண்டு வந்தவர் ஓடிபி கேட்டுவிட்டுப் போயிருப்பார்.

மனைவி ஊரிலிருந்து வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனாள். அலமாரியைத் திறந்தாள். சத்தமே இல்லை.

"இந்த வீட்டுல என் பாத்திரம் எதுங்க?"

எங்கள் கிண்ணம் டி2 வீட்டில் இருந்தது, இரண்டு கரண்டி எஃப்1இல். எங்கள் அலமாரியிலோ யாருடையது என்று எனக்கே தெரியாத ஒரு தூக்கு. எஃப்1 அம்மாவுடையது என்று கொண்டுபோனால், தன்னுடையதில் பெயர் வெட்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். படம் எடுத்து அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "இந்தத் தூக்கு யாருடையது?"

மூன்று பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். ஒருவர் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் சொன்னார். கடைசியில் ஜி2 எழுதினார்: "எங்களுடையது இல்லை. ஆனால் அதன் மேல் இருக்கிற மூடி எங்களுடையது."