கேஸ் தூக்கும் ஹீரோ

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கட ஃபிளாட் மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. கேஸ் முடிந்தால் என் கணவர் காலி வீதியிலிருந்து ஓட்டோவில் சிலிண்டரைக் கொண்டுவந்து, தோளில் வைத்துக்கொண்டு படியேறுவார். உள்ளே இருக்கும் கேஸ் மட்டும் 12.5 கிலோ, இரும்பின் கனம் தனி. நாலு வயது மகன் பின்னாலேயே ஏறி வந்து, அவர் சிலிண்டரை இறக்கியதும் கையை அமத்தி ‘மசில்’ பார்ப்பான்.

நேர்சரியில் அப்பா என்ன செய்கிறார் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். “எங்கட அப்பா கேஸ் தூக்குவார்” என்றானாம். மனிதர் கணக்காளர்!

2022இல் கேஸுக்கு ஊரே வரிசையில் நின்றபோது இவன் கைக்குழந்தை. இரவிரவாக அப்பா வரிசையில் நின்ற கதையை அப்பப்பா இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் வரிசை இன்னும் கொஞ்சம் நீளும்.

எனக்குப் பொறாமைதான். விடிய எழும்பிச் சமைத்து, இவனைக் குளிப்பாட்டி வேனில் ஏற்றி, 100ஆம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கோட்டைக்கு வேலைக்கு ஓடுகிறவள் நான். எப்போதாவது ஒருநாள் சிலிண்டர் தூக்குகிறவர் ஹீரோ.

போன கிழமை நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். டிவி ரிமோட்டைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வெறும் சட்டிக்குள் கரண்டியைச் சுழற்றியபடி இவன் பேசுகிறான்: “ம்ம்... சொல்லுங்கோ அம்மா... குளிசை போட்டீங்களோ? அங்க மழையோ?” நடுவில் ஒரு பெருமூச்சு வேறு. யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அம்மாவோடு சமைத்துக்கொண்டே நான் பேசுவது அப்படியே. தலையைச் சரிக்கும் பக்கம்கூட மாறவில்லை.

1961இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா குழுவினர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செய்த பரிசோதனை ஞாபகம் வந்தது. ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதை மூன்று முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பலர் பிறகு அதே மாதிரி அடித்தார்கள், அவர் சொன்ன சொற்களையும் சேர்த்துச் சொன்னார்கள். அவர் அந்தப் பிள்ளைகளின் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. செய்யச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. பிள்ளை யாரைப் பார்த்து வாய்பிளக்கிறது என்பது ஒன்று, யாரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது என்பது வேறொன்று போலிருக்கிறது. இவன் இதுவரை எதையும் தோளில் தூக்கி விளையாடி நான் பார்த்ததில்லை.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கதவடியில் நின்று முழுவதையும் கேட்டார்.

“சரி, உம்மட பங்கு உமக்கு வந்திட்டுது. அடுத்த கேஸை நீரே தூக்கும்.”

அதற்கு நான் சம்மதிக்கவில்லை.