அன்னிக்கு நான் சொன்ன "ம்"

டிரிப் ஏத்த கையில கேனுலா ஊசி போட்டு பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டு இருக்கும்போதுதான் சொன்னான். "அக்கா, அந்த அசாதயோப்ரின் மாத்திரையை நிறுத்தி மூணு மாசம் ஆச்சு. டாக்டர் சார்கிட்ட சொல்லிடாதீங்க."

நான் "ம்"னு சொன்னேன்.

ஒன்றரை வருஷம் ஆகப்போகுது, இன்னும் அந்த "ம்" என்னை விடல. அது கேட்டுக்கிட்டேங்கிற ம், சரிங்கிற ம் இல்ல. கதை கேக்கும்போது ம் கொட்டுவோமே, அந்த மாதிரி. இப்படித்தான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா அவன் அதை சரின்னுதான் எடுத்துப்பான்னு அந்த நிமிஷமே எனக்குத் தெரியும், அவன் முகம் அப்படியே லேசாச்சு, கையை நீட்டிட்டு கண்ணை மூடிக்கிட்டான்.

ரெண்டு வருஷமா எட்டு வாரத்துக்கு ஒருக்கா எங்க ஆஸ்பத்திரி டே கேர்ல இன்ஃப்ளிக்ஸிமாப்ங்கிற மருந்தை டிரிப்ல போட வர்ற பையன். துணிக்கடையில சேல்ஸ். முதல்ல அல்சர், கேஸ்னு மாத்திரை, அப்புறம் குடல் டிபின்னு ஆறு மாசம் மருந்து, அப்புறம்தான் குரோன்ஸ்னு, குடல் நாள்பட்டு புண்ணாகி வீங்குற வியாதின்னு தெரிஞ்சுது. அதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது, டிபியும் இதுவும் சிறுகுடல் முடியிற அதே இடத்துலதான் வந்து உக்காருது, ஸ்கோப்புல பாத்தாலும் ஒண்ணு போலவே இருக்கும், பயாப்ஸியிலயும் பல நேரம் பிடிபடாது. டிபி இவ்ளோ இருக்குற நம்ம ஊர்ல முதல்ல அதுக்கு மருந்து குடுத்துப் பாக்குறது வழக்கம்தான். ஆனா அந்த ஆறு மாசம் அவன் உடம்புலதானே போச்சு.

இதுக்குத் தமிழ்ல பேரு இருக்காக்கான்னு ஒரு நாள் கேட்டான். இல்லப்பா, 1932ல நியூயார்க்ல இதைப் பத்தி எழுதுன டாக்டர்ங்கள்ல ஒருத்தர் பேருன்னு சொன்னேன். பேரே சொல்லத் தெரியாத வியாதியை கடையில எப்படிச் சொல்றதுன்னு சூப்பர்வைசர்கிட்ட சுகர்னு சொல்லி வச்சிருந்தான். சுகர்னா புரிஞ்சுக்கிறாங்க, பாத்ரூம் போனா கேக்கறதில்ல. கடையில வேலை பாக்கறவங்களுக்கு உக்கார சீட் குடுக்கணும்னு 2021ல தமிழ்நாட்டுல சட்டமே போட்டாங்க, ஆனா கஸ்டமர் முன்னாடி இருபது புடவையைப் பிரிச்சுப் போட்டுட்டு நாலாவது தடவையா உள்ள ஓடுற ஆளோட கஷ்டத்தை அந்தச் சட்டத்தை வச்சு என்ன பண்ண முடியும்? எங்ககிட்ட வர்றதுக்கு முந்தின நாள் மத்தியானத்துலேர்ந்தே சாப்பிட மாட்டான், பஸ்ல நாலு மணி நேரம், நடுவுல இறங்க முடியாது. வந்ததும் முதல் வேலையா அவனுக்கு ரெண்டு இட்லி வாங்கிக் குடுப்போம். இதெல்லாம் சேந்துதான் சிஸ்டரா இருந்த நான் அக்கா ஆனேன்.

உடம்போட எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கிற அந்த மாத்திரையை ஏன் நிறுத்தினான்னா, பொண்ணு பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவனோட மாமா மாத்திரை அட்டையைப் பாத்து கூகிள்ல போட்டிருக்கார், கிட்னி மாத்துனவங்க சாப்பிடுறது, கேன்சர் வரும்னு வந்திருக்கு, அவ்ளோதான். கிட்னி மாத்துனவங்க சாப்பிடுறதும் நிஜம், கொஞ்சூண்டு ரிஸ்க் இருக்கறதும் நிஜம், அதனால இதைப் பொய்னு சொல்லி ஒரேயடியா ஒதுக்கவும் முடியல. எதுக்காகக் குடுக்கறாங்கன்னு யாராவது உக்காந்து அவன்கிட்ட சொல்லியிருக்கணும். அந்த யாராவது நானாவும் இருந்திருக்கலாம், ரெண்டு வருஷம் இருந்துச்சே.

அன்னிக்கு அவன் அதைச் சொன்னதும் டிரிப் மருந்தைக் கலக்கப் போனேன். மருந்து இருக்குற சின்ன பாட்டிலை குலுக்கக்கூடாது, நுரை வந்துடும், ஸ்டெரைல் வாட்டரை ஓரமா விட்டு மெதுவா உருட்டணும், அப்புறம் கொஞ்ச நேரம் அப்படியே வைக்கணும். அந்த நேரத்துலதான் சார் ஃபைல் பாத்துட்டு சொன்னார், சிஆர்பி, அதான் உடம்புல அழற்சி இருக்கறதைக் காட்டுற ரத்த டெஸ்ட், ஏறியிருக்கு, பிளட் கவுன்ட் நல்லாத்தான் இருக்கு, அசாதயோப்ரினை 50லேர்ந்து 100 ஆக்கிடலாம்னு. பேனாவை எடுத்துட்டார்.

நான் சொல்லிட்டேன்.

வேற என்ன பண்ணியிருக்கணும்னு இன்னிக்கும் எனக்குத் தெரியல. மாத்திரையே சாப்பிடாதவனோட பிளட் கவுன்டை வச்சு டோஸைக் கூட்டுறாங்க. அவங்க அம்மா பக்கத்துல உக்காந்து முழுங்க வச்சா, மூணு மாசம் இடைவெளி விட்ட உடம்புல ஒரேயடியா டபுள் டோஸ். நம்ம ஆளுங்கள்ல சிலருக்கு இந்த மாத்திரையில வெள்ளை அணு சடசடன்னு இறங்கிடும், முடி கொத்துக் கொத்தா கொட்டி, ஜுரத்தோட அட்மிட் ஆனவங்களை நானே பாத்திருக்கேன். அதோட, கூட அந்த மாத்திரை இல்லன்னா உடம்பு இன்ஃப்ளிக்ஸிமாபுக்கே எதிர்ப்பு உண்டாக்க வாய்ப்பு ஜாஸ்தி, சிஆர்பி ஏறுனதே அதனாலயும் இருக்கலாம். சொல்லாம இருக்க முடியுமா?

சொல்லாம இருக்க முடியாதுதான். ஆனா பேனா எடுத்தவர்கிட்ட "சார் ஒரு நிமிஷம்"னு சொல்லிட்டு, எட்டு அடி நடந்து போய், "தம்பி, டோஸைக் கூட்டப் போறாங்க, நீயே சொல்லிடு, நான் பக்கத்துல நிக்கிறேன்"னு சொல்லியிருக்கலாம்ல? பிஸின்னு இத்தனை நாள் சொல்லிக்கிட்டிருந்தேன். நிஜமாவே அன்னிக்கு நாலு பெட் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஆனா காரணம் அது இல்ல. போய்க் கேட்டா அவன் வேண்டாம்னு சொல்லுவான். அதுக்கப்புறம் சொன்னா அவன் வாயால மறுத்ததை மீறி சொன்னதா ஆகும். வெறும் "ம்"மை மீறுறது எனக்கு சுலபமா இருந்துச்சு. இதை எழுதும்போதுதான் எனக்கே இது தெளிவாகுது.

சார் நேரா பெட்டுக்குப் போய் சத்தமா கேட்டுட்டார். நல்ல மனுஷன், கோபத்துல இல்ல, பதட்டத்துல கேட்டார். ஆனா பக்கத்துல அவங்க அம்மா. அவங்களுக்குத் தெரியாது. "தினமும் நான்தானேடா தண்ணி எடுத்துக் குடுக்குறேன்"னு அந்தம்மா அழ ஆரம்பிச்சிட்டாங்க, மத்த பெட்டெல்லாம் திரும்பிப் பாக்குது. அவன் அவங்களைப் பாக்கல, என்னைத்தான் பாத்தான்.

ரெண்டு மணி நேரம் டிரிப் ஓடுச்சு. அரை மணிக்கு ஒருக்கா பிபி பாக்கப் போகணும். போனேன். ஒவ்வொரு தடவையும் கையை நீட்டுனான், பேசல. கேனுலா எடுக்கும்போதுதான், "ம்னு சொன்னீங்களேக்கா"ன்னான். நான் பஞ்சை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

எட்டு வாரம் கழிச்சு அவன் வரல. ஃபோன் பண்ணேன், அம்மாதான் எடுத்தாங்க, வேற இடத்துல பாக்குறோம்மா, நல்லாருக்கான்னாங்க. குரல்ல எதுவும் பிடிபடல. வேற ஆஸ்பத்திரியா, நாட்டு மருந்தா, எதுவுமே இல்லையான்னு தெரியாது. அடுத்த தடவை பண்ணப்போ யாரும் எடுக்கல. நடுவுல விட்டுட்டு ரொம்ப நாள் கழிச்சு அதே ஊசியைத் திரும்ப ஆரம்பிச்சா ரியாக்ஷன் வர வாய்ப்பு அதிகம், போற இடத்துல முன்னாடி போட்டதை சொல்லுவானா? பாதியில நிறுத்துனதை சொல்லுவானா? ஒரு தடவை சொல்லித்தான் இவ்வளவும் ஆச்சுன்னு வாயை மூடிக்கிட்டா?

அதுக்கப்புறம் ஒரு முடிவு எடுத்தேன். யார் எது சொல்ல வந்தாலும் முதல்லயே சொல்லிடறது, ட்ரீட்மென்ட் சம்பந்தப்பட்டதுன்னா டாக்டர்கிட்ட நான் சொல்லித்தான் ஆகணும்னு. இது நேர்மைதான்னு நினைக்கிறேன். கூட வேலை பாக்கறவங்களும் அப்படித்தான் சொல்றாங்க.

போன வாரம் ஒரு காலேஜ் பொண்ணு, மூணாவது டோஸ். நரம்பு தேடிக்கிட்டு இருந்தேன், மெதுவா, "அக்கா, ஒரு விஷயம்"னு ஆரம்பிச்சா. நான் சொல்ல வேண்டியதை சொன்னேன், தன்மையாத்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரம் என் கையையே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம், "ஒண்ணுமில்லக்கா"ன்னா.