பாட்டிலும் கையுமாகப் பெரியம்மா

காசிமேட்டில் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தப் பாளையங்கோட்டையிலிருந்து பதினெட்டுப் பேர் வந்திருந்தோம். மூன்றாம் நாள் நான் சொன்னது இயேசுவின் சீடர் தோமாவின் கதை. காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர். முன்வரிசைப் பொடியன் ஒருவன், "அக்கா, அவரு நம்ம சாந்தோம்ல இருக்காரே, நீங்க பாத்திருக்கீங்களா?" என்றான். இல்லை. சென்னைக்குப் பத்துத் தடவையாவது வந்திருப்பேன், தி.நகர்தான் எனக்குத் தெரிந்த சென்னை. சனிக்கிழமை ஊழியம் இல்லை என்றதும் எங்கள் போதகர் ஐயரிடம் போய் நின்றேன். வேன் ஏற்பாடாயிற்று.

முதலில் சாந்தோம். இப்போதிருக்கும் வெள்ளைக் கோயில் 1896இல் கட்டி முடித்தது; போர்த்துக்கீசியர் கட்டியிருந்த பழைய கோயிலை எடுத்துவிட்டு எழுப்பியது. கல்லறைக்குத் தனி வழி, படியிறங்கிப் போக வேண்டும். தோமாவின் எலும்புகளில் பெரும்பகுதி வெகுகாலம் முன்பே இன்றைய துருக்கியிலுள்ள எதெசாவுக்குப் போய், 1258இல் இத்தாலியிலுள்ள ஒர்த்தோனாவுக்குச் சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். "அப்போ உள்ளே ஒண்ணும் இல்லையா?" என்று வாலிபர் ஒருவர் கேட்க, "ஆண்டவர் கல்லறையிலும் ஒண்ணும் இல்லையே தம்பி" என்றார் ஐயர். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

சைதாப்பேட்டை சின்னமலைக்கு வந்தபோது நல்ல வெயில். தோமா ஒளிந்திருந்ததாகச் சொல்லும் குகைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே மெழுகுவர்த்திப் புகை, வியர்வை. வெளிச்சம் வரும் சிறு திறப்பின் பக்கத்தில், அவர் கை பதிந்த தடம் என்று ஒரு பள்ளத்தைக் காட்டுகிறார்கள். கல் அங்கே எண்ணெய் தடவியதுபோல் வழுவழுவென்றிருந்தது. எத்தனை கை பட்டதோ! எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வழக்கத்தில் இதெல்லாம் கிடையாது, அதனால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். எங்களோடு வந்திருந்த பெரியம்மா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, கையை அந்தப் பள்ளத்தில் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டார். வெகு நேரம் கையை எடுக்கவில்லை. நான் போட்டோ எடுத்தேன்.

வெளியே பாறை ஊற்று. தாகத்தோடு வந்த ஜனங்களுக்காகத் தோமா வரவழைத்த தண்ணீர் என்பது நம்பிக்கை. பெரியம்மா பையிலிருந்து காலி பாட்டிலை எடுத்து நீட்டினார், அங்கிருந்தவர் மொண்டு ஊற்றினார். "ஊர்ல யார்ட்டயும் சொல்லிராத, என்ன" என்றார் என்னிடம். அதையும் போட்டோ எடுத்துவைத்தேன்.

பரங்கிமலையில் படியேறினோம். அந்தப் படிகளைக் கட்டிக்கொடுத்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே 1726இல் பாலம் கட்டியவரும் அவர்தான். மேலே சின்னக் கோயில், பீடத்தில் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துச் சூழ்ந்த கற்சிலுவை. 1547இல் அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்தது. 1558 டிசம்பர் 18 அன்று அதில் இரத்தம் வடிந்தது என்கிறார்கள். எனக்கு அந்த எழுத்துதான் பிடித்தது, ஒன்றும் புரியாவிட்டாலும்.

மாலை மலைச்சுவரோரம் நின்று ஐயர் ஜெபித்தார். கீழே மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கும்போதெல்லாம் நிறுத்தி, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். காசிமேட்டுப் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி முடிக்க நாலு விமானம் ஆயிற்று.

திங்கட்கிழமை அந்தப் பொடியனிடம் போனைக் கொடுத்து, கைத்தடத்தைக் காட்டினேன். "நெசமாவா?" என்று அந்தப் பள்ளத்தின் மேல் விரலை வைத்தான். படம் நகர்ந்துவிட்டது. பாட்டிலும் கையுமாகப் பெரியம்மா.