யேச்சோன் வில் பட்டறையும் மீன் பசையும்

தென்கொரியா டூர் போறவங்க பெரும்பாலும் சியோல், பூசான், ஜேஜு தீவுன்னு முடிச்சுக்குறாங்க. ஒரு நாளை மிச்சம் பிடிச்சு யேச்சோன் போயிட்டு வாங்கன்னு நான் சொல்லுவேன். சியோல்ல தோங்சியோல் டெர்மினல்லேருந்து பஸ் இருக்கு. மலை, வயல்னு அமைதியான சின்ன ஊரு, ஆனா வில்லுக்குப் பேர் போன ஊரு. 1979ல உலக சாம்பியனான கிம் ஜின்-ஹோ இந்த ஊர்க்காரங்கதான், அவங்க பேர்லயே பெரிய வில்வித்தை மைதானம் கட்டி வச்சிருக்காங்க. அதையும் பாத்தேன், ஆனா நான் முக்கியமா போனது பழைய முறையில வில் செய்யுற ஒரு பட்டறைக்கு, அங்க மீன் பசை காய்ச்சுறத பக்கத்துல உக்காந்து பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை.

அந்த வில்லுக்குப் பேரு காக்குங். நடுவுல மூங்கில், ரெண்டு முனைக்கும் மல்பெரி மரம், பிடிக்கிற எடத்துல ஓக் மரம், உள்பக்கம் நீர் எருமைக் கொம்பு, வெளிப்பக்கம் மாட்டோட தசைநார், எல்லாத்துக்கும் மேல பிர்ச் மரப்பட்டை. இத்தனையும் சேந்திருக்கு, ஒரு ஆணி கிடையாது, எல்லாத்தையும் பிடிச்சு நிக்கிறது மீன் பசைதான். நாண் கழட்டிட்டா வில்லு எதிர்ப்பக்கமா சுருண்டு கிட்டத்தட்ட வட்டமா ஆயிடும், நாண் ஏத்துறப்ப அதை அப்படியே திருப்பி வளைக்கணும், அந்த இழுவை மொத்தமும் ஒட்டு மேல வந்து விழுது. 145 மீட்டர் தள்ளி இருக்குற இலக்குக்கு அம்பு விடுற வில்லு இது, அப்ப அந்தப் பசை எப்படிப்பட்டதா இருக்கணும்னு யோசிச்சுப் பாருங்க!

பசைக்கு எடுக்குறது மினோங்கிற மீனோட காத்துப்பை. மினோ கத்தாளை வகையறா மீனு, அங்க கோடைக்காலத்துல ரொம்ப விரும்பிச் சாப்பிடுறாங்க, அந்தக் காத்துப்பையையே தனியா ருசிச்சுத் தின்பாங்க. பட்டறையில இருந்தது காஞ்சது, மஞ்சளா விறைப்பா இருந்துச்சு. அத ராத்திரியே பச்சத்தண்ணியில ஊறப் போட்டு வச்சிருந்தாங்க, காலையில கையில எடுத்தா தொளதொளன்னு ஆயிருந்துச்சு, மேல இருக்குற மெல்லிசு சவ்வு, ரத்தக் கறை, கொழுப்பு எல்லாத்தையும் நகத்தாலயே உரிச்சு எடுக்குறாரு வில் செய்யுற பெரியவரு. கொழுப்பு கொஞ்சம் தங்குனாலும் ஒட்டு சரியா பிடிக்காது, அதனால இந்த வேலைய அவரு யார்கிட்டயும் விடுறதில்ல. என்னைய நறுக்க மட்டும் விட்டாங்க.

அப்புறம்தான் அடுப்பு. பெரிய பாத்திரத்துல சுடுதண்ணி, அதுக்குள்ள சின்னப் பாத்திரம், அதுல நறுக்குன துண்டும் தண்ணியும். நேரா தீயில வைக்கிறதே இல்ல. கொதி வந்துரக் கூடாது, அதுதான் இந்த வேலையோட உயிர்நாடி. காத்துப்பை பெரும்பாலும் கொலாஜன்ங்கிற புரதம், மெதுவான சூட்டுல அது கரைஞ்சு ஜெலட்டினா மாறுது, சூடு ஏறுனாலோ ரொம்ப நேரம் வச்சாலோ அந்த நீளமான இழைங்க துண்டு துண்டாப் போயி பிடிமானம் குறைஞ்சிடும். தெர்மாமீட்டர் எதுவும் கண்ணுல படல, ஆவி எழும்புறத பாத்தே தீய அடக்குறாரு. மணிக்கணக்கா கிளறி, துணியில வடிகட்டி, ஒரு சொட்ட கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சு அழுத்திப் பிரிச்சுக் காட்டுனாரு, மெல்லிசு நூலா இழுத்துக்கிட்டு வந்துச்சு. வாடை அடிக்கத்தான் செய்யுது, ஆனா சுத்தமா உரிச்சதால நான் நெனச்ச அளவு இல்ல.

மாட்டுத்தோல காய்ச்சி எடுக்குற தோல் பசை போடலாமேன்னு பெரியவர்கிட்ட கேட்டேன், அவரு மருமகதான் மொழிபெயர்த்தாங்க. "அது சீக்கிரம் உறைஞ்சிடும், இது கொஞ்சம் பொறுக்கும், காஞ்ச பின்னாடியும் வளைஞ்சு குடுக்கும்"னாரு. தசைநார அடிச்சு, நாரு நாராப் பிரிச்சு, பசையில முக்கி, வில்லு முதுகுல படிய வச்சுத் தடவுறதப் பாத்தப்பதான் அந்தப் பொறுமையான பசை ஏன் வேணும்னு எனக்கு வெளங்குச்சு, ஒவ்வொரு இழையையும் நேராக்க நேரம் வேணும்ல. ஒரு அடுக்கு நல்லா காஞ்ச பிறகுதான் அடுத்தது.

இந்தப் பசைக்கு ஈரம் ஆகாது. அதனால வில் செய்யுறது குளிர் மாசத்துல, காத்து வறண்டு கிடக்குறப்ப. செஞ்சு முடிச்ச வில்லையும் கதகதப்பான பெட்டியில வச்சுத்தான் காப்பாத்துறாங்க, மழைக்காலத்துல வெளிய விட்டா தளர்ந்து போயிடும். இதுக்குப் பயந்தே நெறைய பேரு ஃபைபர், கார்பன்ல செஞ்ச வில்லுக்கு மாறிட்டாங்க, அது பராமரிப்பு கம்மி, வெலையும் கம்மி, நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஈரத்துக்கு எளகுற அதே குணம்தான் ரிப்பேருக்கு ஒத்தாசை, ஒட்டு விட்டுப்போன எடத்த ஈரமும் சூடும் குடுத்துப் பிரிச்சு மறுபடி ஒட்டலாம், எபாக்சிங்கிற செயற்கைப் பசையில அது அவ்வளவு லேசுல நடக்காது. வில், அம்பு செய்யுற இந்தக் கைத்தொழில 1971லயே கொரிய அரசு தேசிய மரபா அறிவிச்சுட்டாங்க, ரொம்ப சரியான முடிவு.

போறதா இருந்தா டிசம்பர், ஜனவரியில போங்க, குளிரு எலும்ப உலுக்கும், நல்ல ஜாக்கெட் வேணும். கோடையில போனா ஊரு பச்சைப்பசேல்னு இருக்கும், ஆனா பசை வேலை பாக்கக் கிடைக்காது.