உர்மியா ஏரியும் ஆப்பிள் தோட்டங்களும்

ஈரானின் வடமேற்கில் உள்ள உர்மியா ஒரு காலத்தில் 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடந்த உப்பு ஏரி. 2014 வாக்கில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஊர்க்காரர்களுக்கு அக்கறை இல்லை, அதனால்தான் இப்படி என்று சொல்லிவிடலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. 2011-ல் ஏரியைக் காப்பாற்றச் சொல்லி உர்மியா, தப்ரீஸ் நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கிக் கைதாகியிருக்கிறார்கள். காற்றில் பறக்கும் உப்புப் புழுதியும் முதலில் விழுவது கரையோரக் கிராமங்களின் வயலில்தான்.

ஆனால் அதே ஊர்களில் ஆழ்துளைக் கிணறுகளும் ஓடுகின்றன. முன்பு திராட்சை. அப்புறம் ஆப்பிள் வந்தது. காசு கூட, தண்ணீரும் கூட. ஏரிக்கு வரும் ஆறுகளுக்குக் குறுக்கே அணை கட்டியது அரசு, சாகுபடியைப் பெருக்கச் சொன்னதும் அரசு. பிறகு அதே அரசு பாசன நீரை 40 சதவீதம் குறைக்கத் திட்டம் போட்டது. விவசாயி எதை நம்புவார்? நான் மோட்டாரை நிறுத்தினால் பக்கத்துத் தோட்டக்காரர் நிறுத்துவாரா, மிச்சமாகும் தண்ணீர் ஏரிக்குத்தான் போகுமா? நியாயமான சந்தேகம்தான். சொட்டுநீரில் மிச்சமானதை வைத்து இன்னும் கொஞ்சம் நிலத்தில் பயிர் வைப்பது எங்கும் நடப்பதுதானே.

2019-ல் நல்ல மழை பெய்து ஏரி ஓரளவு நிரம்பியது. 2023 இலையுதிர் காலத்தில் மறுபடி கிட்டத்தட்ட முழுக்க வறண்டுவிட்டது.