காரை நிறுத்திப் பார்த்த பிறகுதான் விலைப் பேச்சு

வேலூர் டவுனுக்குள் ஒரு ஃபிளாட் விற்பனைக்கு வந்தால் விளம்பரத்தின் முதல் வரி பெரும்பாலும் ஒன்றுதான்: சி.எம்.சி ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரம். இரண்டாவது வரி, கவர்டு கார் பார்க்கிங் உண்டு. பல வருடங்களாக இந்த ஊரில் வீடு, மனை விற்றுக்கொடுக்கும் மீடியேட்டராக இருக்கிறேன். இந்த இரண்டு வரிகளைத்தான் ரொம்பக் கவனமாக எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சமையலறை சின்னதா பெரியதா, பால்கனியில் காற்று வருமா என்பதையெல்லாம் வீடு பார்க்க வருபவர் தானே பார்த்துக்கொள்வார். பார்க்கிங்கும் அக்கம்பக்கமும் அப்படி இல்லை. குடிவந்து ஒரு மாதமாவது ஆனால்தான் அவற்றின் குணம் தெரியும். அதை முன்னாலேயே காட்டிவிடுவது கமிஷன் வாங்குகிறவனின் கடமை.

தோட்டப்பாளையம் பக்கம் ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா ஒருவரின் ஃபிளாட் என்னிடம் வந்தது. இரண்டாவது மாடி, இரண்டு பெட்ரூம், லிஃப்ட் உண்டு. மகன் பெங்களூரில் இருப்பதால் அவரும் அங்கேயே போய்விட முடிவு செய்திருந்தார். தாய்ப்பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று வரை எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தில், மனையில் பிரிபடாத பாகம் (கட்டடம் நிற்கும் நிலத்தில் எல்லா வீட்டுக்காரர்களோடும் சேர்ந்த பங்கு) இவ்வளவு, தரைத்தளத்தில் ஒரு கார் நிறுத்துமிடம் என்று எழுதியிருந்தது. எந்த இடம், என்ன நம்பர், எத்தனை அடி என்று எதுவும் இல்லை. பழைய ஃபிளாட்டுகளில் இது அடிக்கடி பார்ப்பதுதான்.

டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போனேன். இரண்டு பில்லருக்கும் நடுவில் எட்டடி சொச்சம். கட்டட விதிகளில் ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். அகலம் அதற்கு ஒட்டித்தான் வந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அது உள்ளடங்கிய இடம். முன்னால் நிற்கும் கார் நகர்ந்தால்தான் பின்னால் இருக்கும் கார் வெளியே வர முடியும். முன்னிடம் முதல் மாடிக்காரருடையது. லாங் பஜாரில் கடை வைத்திருப்பவர்; ராத்திரி லேட்டாக வந்து, காலையில் லேட்டாக எழுந்திருப்பவர். “அந்த வண்டியை எடுத்தாத்தான் சார் இது வரும். சாவி என்கிட்ட குடுத்தா நானே தள்ளி வுட்டுடுவேன், அவரு குடுக்க மாட்டாரு” என்றார் வாட்ச்மேன்.

இதைச் சொல்லித்தான் ஆட்களைக் கூட்டிவருவேன் என்றதும் டீச்சர் அம்மாவுக்கு வருத்தம். “எங்கிட்ட காரே இல்ல தம்பி, எனக்கு அது ஒரு தொந்தரவாவே இருந்ததில்ல. அதைப் போய் நாமளா ஏன் எடுத்துச் சொல்லணும்? விலையைக் குறைப்பாங்களே.” அந்தப் பயம் நியாயமானது. உள்ளிடம் என்று தெரிந்தால் சிலர் அதைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசத்தான் செய்வார்கள். ஆனால் அதே விஷயம் டோக்கன் அட்வான்ஸ் கைமாறிய பிறகு தெரியவந்தால் பேச்சு பேரத்தோடு நிற்காது. “நீங்க பெங்களூர் போயிடுவீங்கம்மா. வாங்கறவங்கதான் கீழ்வீட்டுக்காரர் முகத்துல தினமும் முழிக்கணும்” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, சொல்லிடுங்க” என்றார்.

வாங்க வந்தவர்கள் இளம் தம்பதி. மனைவி ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். கணவருக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை, காலை ஷிஃப்ட் என்றால் விடிவதற்குள் வண்டியை எடுத்தாக வேண்டும். வீட்டைப் பார்த்து முடித்ததும், காரைக் கொண்டுவந்து உள்ளே விட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். ரிவர்ஸில் வந்து, சைடு கண்ணாடிகளை மடக்கி, மெதுவாக உள்ளே விட்டார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தபோது பில்லருக்கும் கதவு விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண் மிச்சம் இருந்தது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி இறங்கிவிட்டார். இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவால் இறங்க முடியவில்லை. காலை வெளியே வைத்துப் பார்த்தார், முட்டி மடங்கவில்லை. திரும்ப வண்டியை வெளியே எடுத்து, அவரை கேட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டோம். அந்த வீட்டில் தினமும் அப்படித்தான் நடக்கப்போகிறது என்பது மூன்று பேருக்கும் அங்கேயே தெரிந்துவிட்டது. எந்த விளம்பர வாசகத்தாலும் இதைச் சொல்லிவிட முடியாது.

கணவர் கேட்டார்: “பார்க்கிங்கைத் தனியா எங்க பேருக்கு எழுதி வாங்கிக்கலாமா சார்?” நிறையப் பேர் கேட்பதுதான் இது. மும்பைக் குடியிருப்பு ஒன்றின் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங்கைக் கட்டுநர் தனிச் சொத்தாக விற்க முடியாது, அது எல்லோருக்குமான பொது இடம் என்று தீர்ப்புச் சொன்னது. 2016-இல் வந்த ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் திறந்தவெளிப் பார்க்கிங்கைப் பொதுப் பகுதியில்தான் சேர்த்திருக்கிறது. ஆக, வாங்குபவர் கைக்கு வருவது ஃபிளாட்டும் மனையில் பிரிபடாத பாகமும். பார்க்கிங்கில் கிடைப்பது நிறுத்திக்கொள்ளும் உரிமை. அந்த உரிமைக்கு உயிர் இருப்பது அசோசியேஷன் நோட்டில். யாருக்கு எந்த இடம் என்று நம்பர் போட்டு, தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கியிருந்தால் பிரச்சினை இல்லை. வாய்வார்த்தையாக நடந்துகொண்டிருந்தால், ஒருவர் வீட்டை விற்றுவிட்டுப் போனதும் அது கலைந்துவிடும்.

அதனால் அட்வான்ஸுக்கு முன்பே முதல் மாடிக்காரரைப் பார்க்கப் போனோம். டீச்சர் அம்மாவே கூட வந்தார். கடைக்காரர் பிள்ளைகள் அவரிடம் படித்தவர்கள் என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். உள்ளிடத்தை அவர் எடுத்துக்கொண்டு முன்னிடத்தை விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டோம். முன்னால் நிற்கும் வண்டி விடிவதற்குள் போய்விடும், தூங்குகிறவரை எழுப்ப வேண்டியதில்லை. ராத்திரி கடைக்காரர்தான் கடைசியாக வருவார் என்பதால், தங்கள் கார் சாவி ஒன்று வாட்ச்மேனிடம் இருக்கும் என்று புதியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கடைக்காரருக்கு ஒரே ஒரு கவலை: வண்டியில் கீறல் விழுந்தால் யார் பொறுப்பு? அதையும் சேர்த்தே எழுதினோம். அசோசியேஷன் லெட்டர்பேடில் இரண்டு வீட்டுக்காரர்களும் செயலாளரும் கையெழுத்துப் போட்டு, தரையில் நம்பரை பெயின்டில் எழுதிய பிறகுதான் விலை பேச உட்கார்ந்தோம். டீச்சர் அம்மா பயந்த அளவுக்கு இறங்கிவர வேண்டியிருக்கவில்லை.

நடந்து போகும் தூரம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். அது யாருடைய நடை, எந்த நேரத்து நடை? 1900-இல் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த வைத்தியசாலைதான் இன்றைய சி.எம்.சி. டவுனின் கடிகாரமே இப்போது அந்த ஆஸ்பத்திரிதான். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷ் என்று எங்கிருந்தோ ரயிலேறி காட்பாடியில் இறங்கி வருகிறவர்களுக்காகவே பக்கத்துத் தெருக்களில் லாட்ஜுகள், பெங்காலி எழுத்துப் போர்டு மாட்டிய சாப்பாட்டுக் கடைகள், மருந்துக் கடைகள். காலை நேரத்தில் ஐடா ஸ்கடர் ரோட்டில் கார் எடுத்தால் நடப்பவர் நம்மைத் தாண்டிப் போய்விடுவார். ரோட்டோரம் நிறுத்தலாம் என்ற நினைப்பே வேண்டாம். டவுனில் ஃபிளாட்டுக்குள் ஓர் இடம் இருப்பதன் மதிப்பு அதனால்தான்.

அந்த நர்ஸ் தங்கச்சிக்குப் பகல் பிரச்சினையில்லை, ராத்திரி டியூட்டிதான் கேள்வி. “நைட் போறப்போ எப்படி இருக்கும்ணா?” என்றார். சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று, அவர் டியூட்டிக்குப் போகும் நேரத்துக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் நடந்தோம். மெயின் ரோடு முழுக்க வெளிச்சம், டீக்கடையில் கூட்டம், நோயாளிகளுக்கு ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிப் போகிறவர்கள். பயமே இல்லை. ஆனால் ஃபிளாட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும் சந்தில் ஒரு திருப்பத்தில் விளக்கு எரியவில்லை, நாய்கள் வேறு. குறுக்கு வழி வேண்டாம், சுற்றிப் போனால் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். அந்தக் கூடுதல் நடையோடு சேர்த்துச் சொல்லும் தூரம்தான் உண்மையான தூரம்.

மற்ற வசதிகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். காய்கறிக்கு நேதாஜி மார்க்கெட், டவுன் பஸ்ஸுக்குப் பழைய பஸ் ஸ்டாண்ட், பெரியவர்களுக்குக் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில். காட்பாடி ஜங்ஷனுக்கு மட்டும் நான் கிலோமீட்டர் சொல்வதில்லை. பாலாற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும், ரயில் பிடிக்கிறவர் கையில் நேரம் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பேன். தண்ணீரைப் பற்றி ஒளிக்கவே கூடாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, போர் தண்ணீர் உப்பா என்பதைக் குழாயைத் திறந்து, ஒரு டம்ளரில் பிடித்துக் குடிக்கச் சொல்வேன். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த பிறகு, தரைத்தளச் சுவரில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். நல்ல பழக்கம். இன்னொன்று, நாற்பது டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயில். திறந்தவெளியில் நின்ற வண்டியின் ஸ்டியரிங்கை மே மாதம் மத்தியானம் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, கவர்டு பார்க்கிங்குக்கு ஏன் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

இப்போது வரும் புதுக் கேள்வி, எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்குக் கீழே சார்ஜ் போட முடியுமா என்பது. பொது மீட்டரிலிருந்து எடுத்தால் மெயின்டனன்ஸ் கூட்டத்தில் சண்டை நிச்சயம். சொந்த மீட்டரிலிருந்து தனி வயர் இழுத்து, தன் இடத்துப் பில்லரில் பிளக் பாயின்ட் வைத்துக்கொள்வதுதான் சரி. அதற்கும் தன் இடம் எது என்று எழுத்தில் இருக்க வேண்டும். காகிதப்பட்டறையில் கையில் இருக்கும் ஒரு ஃபிளாட்டுக்கு, முதல் வேலையாக அசோசியேஷனிடம் நம்பர் போட்டுக் கடிதம் கேட்டிருக்கிறேன். அது வந்த பிறகுதான் விளம்பரம் கொடுக்கப் போகிறேன்.