கண்ணைத் திறந்துகொண்டு முங்கிய கடல்

அப்பாவின் திதி மாசி மாதத்தில் வருகிறது. அவர் போன நாளிலிருந்து ஆறு வருடமாக, மாசி பிறந்தால் அம்மாவை அழைத்துக்கொண்டு மதுரையிலிருந்து இராமேசுவரம் போய், அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களையும் வாளி வாளியாகத் தலையில் வாங்கிக்கொண்டு, துணி மாற்றித் தரிசனம் முடித்துத் திரும்புவது எங்கள் வழக்கம். அதற்கு முன்பும் தை அமாவாசை, ஆடி அமாவாசை என்று சிறு வயதிலிருந்தே போய்வந்த ஊர்தான். கடலில் முங்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்வோம், கண்ணை இறுக மூடிக்கொள்வோம், மூன்று முறை முங்கி எழுந்து கரையேறிவிடுவோம். இத்தனை வருடத்தில் அந்தத் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூட நான் நிதானமாகப் பார்த்ததில்லை. இந்த மாசியில் பார்த்தேன். மதுரையிலிருந்து மூன்று மணி நேரத்தில் எட்டிவிடுகிற தூரத்தில் பவளப்பாறையும் கடலாமையும் இருக்கும்போது அதைப் பார்க்காமலேயே திரும்பிவந்த வருடங்களை நினைத்தால் மனது ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சோழவந்தான் பக்கம் தாத்தாவின் தோட்டத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவள் நான். கிணற்று நீச்சலில் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு கையையும் காலையும் அடிப்பதுதான் எல்லாம். கடலடியைப் பார்க்கச் செய்யும் ஸ்நார்கெலிங் அதற்கு நேர் எதிரானது. முகத்தை முழுவதுமாகத் தண்ணீருக்குள் வைத்து, வாயில் கவ்விய குழாய் வழியாக மட்டும் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு, உடம்பைத் தளர்த்தி மிதக்க வேண்டும். மதுரையில் வீட்டுக்கு அருகிலிருக்கும் நீச்சல்குளத்தில் ஒரு மாதம் காலை நேரத்தில் இதைப் பழகினேன். முதல் நான்கைந்து நாள் மூக்கால் மூச்சிழுக்கும் பழக்கம் விடவே இல்லை, புரையேறித் தவித்தேன். சொல்லிக்கொடுத்த பெண் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "நீந்தாதீங்க அக்கா, சும்மா கிடங்க." அந்தச் சும்மா கிடப்பது வசப்பட மூன்று வாரம் பிடித்தது.

இவ்வளவு மெனக்கெட்டதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு தங்கை குடும்பத்தோடு வேறொரு ஏற்பாட்டாளர் மூலம் கடலுக்குப் போயிருந்தேன். ஒரே படகில் பன்னிரண்டு பேரை ஏற்றினார்கள். கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி மாஸ்க் எல்லாம் பழையது, ரப்பர் ஓரம் வெடித்துத் தண்ணீர் உள்ளே வந்தது. தங்கை கணவருக்கு மீசை வேறு அடர்த்தியானது, மாஸ்க்கின் ஓரம் தோலோடு ஒட்டாமல் நிமிடத்துக்கு ஒரு முறை நிரம்பிவிட்டது. (மீசை வைத்திருப்பவர்கள் மேலுதட்டில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொண்டால் தண்ணீர் புகுவது குறையும் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.) நீந்தத் தெரியாதவர்கள் பயந்துபோய்க் காலை ஊன்ற இடம் தேடினார்கள். அங்கே காலுக்குக் கிடைத்தது பவளப்பாறைதான். எனக்கு இரண்டு கை தூரத்தில் ஒருவர் கிளைக்கிளையாக நின்ற பவளத்தின் மேல் ஏறி நின்றார், அது முறிந்தது. தண்ணீருக்குள் சத்தம் நன்றாகக் கேட்கும். முறுக்கு ஒடிவதுபோல் கேட்ட அந்தச் சத்தத்தோடு என் ஆசையெல்லாம் வடிந்துபோய்ப் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். உருண்டையாக வளரும் பவளம் ஓர் ஆண்டில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். கிளையாக வளர்வது அதைவிட வேகமாக வளரும் என்றாலும், அன்று ஒரு நொடியில் ஒடிந்தது பல வருடத்து உழைப்பு. மறுபடி போவதாக இருந்தால் எதையும் மிதிக்காமல், எதையும் பிடிக்காமல் மிதக்கத் தெரிந்த பிறகுதான் போவது என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

இந்த முறை திதி முடிந்த மறுநாள் விடியற்காலையில் மண்டபம் ஊருக்கு மேற்கே, வடகடல் ஓரத்தில் இருக்கும் ஒரு மீனவ ஊருக்குப் போனோம். அந்தப் பக்கத்தில் வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். தென்கடலில் இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே சங்கிலிபோல் கிடக்கும் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே நினைத்த இடத்தில் இறங்கிவிட முடியாது, வனத்துறையின் அனுமதியோடு, அவர்கள் அனுமதித்த இடத்துக்குத்தான் போகலாம். வடகடலிலும் கரையை ஒட்டிப் பவளப்பாறை உண்டு. ஆழம் குறைவு, சில இடத்தில் ஆள் உயரம்கூட இல்லை. மாசியில் வாடைக்காற்று ஓய்ந்து, தண்ணீர் தெளியத் தொடங்கியிருந்தது.

எங்களை ஏற்றிக்கொண்ட படகு இரண்டு ஒடுங்கிய ஃபைபர் உடல்களை ஒரு பலகைத் தளத்தால் இணைத்தது. உலகம் முழுவதும் இந்த வகைப் படகைக் கட்டமரான் என்கிறார்கள், சொல் நம்முடைய கட்டுமரம்தான். ஆனால் நம்மூர்க் கட்டுமரம் இப்படி இருக்காது. லேசான மரத்துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டுவார்கள், கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவார்கள். ஆங்கிலேயர் சோழமண்டலக் கரையில் அந்தச் சொல்லைக் கேட்டு எடுத்துப்போய், பிற்காலத்தில் பசிபிக் தீவுக்காரர்களின் இரட்டைப் படகைப் போன்ற வடிவத்துக்கு அதைச் சூட்டிவிட்டார்கள். பெயர் எப்படி வந்திருந்தாலும், பாறைக்குப் போக இந்தப் படகு பொருத்தமானது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். அகலமாக இருப்பதால் ஒரு பக்கமாகச் சாயாது, எழுபது வயது அம்மா பயமில்லாமல் உட்கார முடிந்தது. அடிப்பகுதி ஆழமாக இறங்காததால் மேட்டுப் பகுதியிலும் உரசாமல் போகிறது. படகோட்டி அண்ணன் பாறைக்குக் கொஞ்சம் முன்னாலேயே இன்ஜினை நிறுத்தி, நீளமான கம்பை ஊன்றிப் படகை நகர்த்தி, வெளிர்நீலமாகத் தெரிந்த மணல் திட்டாகப் பார்த்து நங்கூரத்தைக் கையால் மெல்ல இறக்கினார். நான் அதைக் கவனிப்பதைப் பார்த்து, "பார் மேல நங்கூரம் போட்டா பத்து வருசம் போச்சு தங்கச்சி" என்றார். பாறை என்று நாம் சொல்வது அவருக்குப் பார்.

இறங்குவதற்கு முன் எனக்கு ஒரு கட்டுப்பாடு விதித்தார். முகத்தில் சன்ஸ்கிரீன் பூசியிருந்தால் துடைத்துவிட வேண்டும். அந்தப் பூச்சுகள் சிலவற்றில் இருக்கும் ரசாயனம் பவளத்தைக் கெடுக்கும் என்பதால் நான் ஏற்கனவே பூசாமல், முழுக்கைச் சட்டை போட்டுத்தான் வந்திருந்தேன். மாஸ்க்கின் உள்பக்கம் எச்சில் தொட்டுத் தேய்த்து அலசிக்கொண்டேன், கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை.

முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் முதலில் வந்தது சத்தம். காட்சி அதற்குப் பிறகுதான். கரகர, கரகர என்று யாரோ கற்கண்டு கடிப்பதுபோல் ஓயாத ஒலி. தேடிப் பார்த்தால் கிளிமீன்கள். கிளி மூக்கைப் போன்ற பற்களால் பாறையைச் சுரண்டி அதன்மேல் படர்ந்த பாசியைத் தின்கின்றன. தின்ற சுண்ணாம்பு பொடிப்பொடியாகக் கழிவில் வெளியேறி மணலாகிறது. ஒரு மீன் எனக்கு முன்னால் அப்படி ஒரு வெள்ளைப் புகையை விட்டுப் போனது. பாறை என்று படகிலிருந்து ஒரே பழுப்பாகத் தெரிந்தது, கிட்டப் போனால் ஒவ்வொன்றும் வேறு. மூளையின் மடிப்பைப்போல் வரி வரியாக உருண்டு கிடந்த ஒன்று, மான் கொம்பைப்போல் கிளைத்த ஒன்று, தேன்கூடு மாதிரி கண் கண்ணாக இருந்த ஒன்று. அந்தக் கண் ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் உயிர் இருக்கிறது. கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தனக்கு வீடு கட்டிக்கொள்ளும் அந்தச் சின்ன உயிரின் உடம்புக்குள் ஒற்றைச்செல் பாசி குடியிருந்து, வெயிலில் உணவு செய்து கொடுக்கிறது. பவளத்தின் நிறத்தில் பெரும்பங்கு அந்தப் பாசியினுடையது. தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாகச் சுட்டு, அந்தச் சூடு வாரக்கணக்கில் தணியாமல் இருந்தால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகிறது. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் அப்படி வெளுத்து நிறைய மடிந்தன. நான் மிதந்த இடத்திலும் அதன் அடையாளம் இருந்தது. உயிருள்ள ஓர் உருண்டையின் பக்கத்திலேயே செத்த உருண்டை, அதன்மேல் பழைய கிணற்றுப் படிபோல் பாசி பிடித்துக் கிடந்தது.

சூடு செய்தது ஒரு பக்கம், கை செய்ததும் குறைவில்லை. இந்தக் கரையில் பவளத்தைக் கல்லாக வெட்டி வீடு கட்டினார்கள், காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் தேவாலயச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கல்லில் தேன்கூட்டுக் கண்கள் அப்படியே இருக்கும். சிறு வயதில் அந்தச் சுவரில் சாய்ந்து படம் எடுத்திருக்கிறேன், அது ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று தெரியாமலே. 2001இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்த பிறகு இதற்கு முடிவு வந்தது.

அரை மணி நேரம் கழித்து அண்ணன் எங்களைப் பாறைக்கு அப்பால், தாழை வளர்ந்த பகுதிக்கு அழைத்துப் போனார். தாழை என்று அவர்கள் சொல்வது கடற்புல்லை. நாற்று நட்டு ஒரு மாதமான வயலை மேலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது, அலைக்கு ஏற்ப முழு வயலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கடற்பசு மேய்வதும் இந்தப் புல்லைத்தான். கடற்பசுவுக்காகவே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் காப்பகமாக அறிவித்தார்கள். எனக்குக் கடற்பசுவைப் பார்க்கும் பேறு கிடைக்கவில்லை. ஆமை கிடைத்தது.

முதலில் அதைக் கல் என்றுதான் நினைத்தேன். கல் தலையை அசைத்துப் புல்லைக் கடித்தது. பேராமை, கல்யாண வீட்டுத் தாம்பாளம் அளவுக்கு இருந்த இளசு. ஓட்டின் ஒவ்வொரு தகட்டிலும் சூரியக் கதிர் விரிவதுபோல் பழுப்புக் கோடுகள். இரண்டு கண்ணுக்கும் நடுவே, மூக்குக்கு மேலே, நீளவாக்கில் ஒரே ஒரு ஜோடி செதில். அழுங்காமைக்கு அந்த இடத்தில் இரண்டு ஜோடி இருக்கும், இரண்டையும் பிரித்தறிய இதைத்தான் பார்க்க வேண்டும் என்று படித்து வைத்திருந்தேன். படித்ததை உயிரோடு மூன்று கை தூரத்தில் பார்த்தபோது குழாய்க்குள்ளேயே சத்தம் போட்டுவிட்டேன். அது கலங்கவில்லை. முன்துடுப்பால் தரையை லேசாகத் தள்ளி ஓரடி நகர்ந்து, அடுத்த கொத்தைக் கடித்தது. தரை ஆமையைப்போல் இது தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. ஓடித் தப்புவது ஒன்றே அதற்கு வழி, ஓடவும் மூச்சு வேண்டும், மூச்சுக்கு மேலேதான் வர வேண்டும். அதனால் ஆமைக்கு நேர் மேலே போய் மிதக்கக் கூடாது, பக்கவாட்டில், அது வந்து போக வழி விட்டுக் கிடக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். சும்மா கிடந்தேன். சில நிமிடத்தில் அது மேயும் முகத்தை நிமிர்த்தி, துடுப்பை இரண்டு முறை வீசி, எனக்குப் பக்கத்தில் செங்குத்தாக ஏறியது. தலை தண்ணீருக்கு மேலே போன நொடியில் புஸ் என்று ஒரு மூச்சு, அம்மா அலுத்துப்போய் உட்காரும்போது விடும் பெருமூச்சைப்போல. ஒரே மூச்சுதான். மறுபடி அதே புல்லுக்கு இறங்கிவிட்டது.

திரும்பும்போது ஒரு காட்சி. பாசி எடுக்கும் பெண்கள் ஐந்தாறு பேர் தூரத்தில் முங்கி எழுந்துகொண்டிருந்தார்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணில் கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையோடு மரிக்கொழுந்துப் பாசிக்காக மணிக்கணக்கில் பாறையிடுக்கில் கிடப்பவர்கள். மூச்சுக்குழாய் கிடையாது. பாம்பன் பக்கத்துப் பெண்கள் பாசி திரும்ப வளர வேண்டும் என்பதற்காக மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். நான் ஒரு மாதம் பழகியதை அவர்கள் பிழைப்பாகச் செய்கிறார்கள், இந்தக் கடலைப் பற்றிக் கேட்பதென்றால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அம்மா அதுவரை லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு தளத்திலேயே உட்கார்ந்திருந்தார். என் மாஸ்க்கை வாங்கி, மூக்குத்தியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, படகின் ஏணிப்படியில் முழங்கால் நனைய நின்று, அண்ணன் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்திருக்க, குனிந்து முகத்தைத் தண்ணீரில் வைத்தார். மூச்சு முட்டியதும் நிமிர்ந்தார், மறுபடி வைத்தார். ஏழெட்டுத் தடவை. ஆமை அங்கே இல்லை, புல்லும் நாலைந்து ஓரா மீனும்தான். "இம்புட்டு நாளும் கண்ண மூடிக்கிட்டுல்ல முங்கிருக்கேன்" என்று என்னிடம் சொன்னார்.

கரை வரும்வரை பேசவில்லை. படகு மணலில் தட்டியதும் அண்ணனிடம் கேட்டார்: "தை அமாவாசைக்கு வந்தா இப்படித் தெரியுமா தம்பி?"

"தையில வாடை இருக்கும்மா, தண்ணி கலங்கிக் கெடக்கும். மாசி, பங்குனிதான் சரி."

"அப்ப அவுக திதிக்கே வந்துருவோம்" என்றார் அம்மா, முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே.